ஓட்டுநர் இல்லாத வண்டிக்கு ஒரு காவல்காரர்

என் கணவர் முகம்மது ரியாஸ் ஆறு வருஷமாக ஒரு வண்டியிடம் நேராகப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கு ஓட்டுநர் கிடையாது, விஷயமே அதுதான். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கும். வண்டியின் முகப்பில் இருக்கும் சின்ன கேமரா அந்தக் கோட்டைப் பார்க்கும். கோடு வளைந்தால் வண்டியும் வளைந்து, கோடு நிமிர்ந்தால் வண்டியும் நிமிர்ந்து, தானாகப் போய்ச் சேர வேண்டும். இதற்குத்தான் முனைவர் பட்டம் கொடுப்பார்களாம். எங்கள் பக்கத்தில் வண்டிக்காரர் தூங்கிப்போனாலும் மாடு வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுமே என்று நான் ஒருநாள் சாப்பாட்டின்போது சொல்லிவைத்தேன். ரியாஸுக்குக் கேலி புரியாது. மாட்டின் மூளையில் என்ன நடக்கிறது என்று ஆரம்பித்து, தட்டில் சோறு காய்ந்துபோகிற வரை விளக்கினார்.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கோட்டை விட்டு விலகினால் திருப்ப வேண்டும். வெடுக்கென்று திருப்பினால் வண்டி மறுபக்கம் போய்விடும். அங்கிருந்து வெடுக்கென்று திருப்பினால் மறுபடி இந்தப் பக்கம். மெதுவாகத் திருப்பினாலோ வளைவு வரும்போது கோடு ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். சைக்கிள் பழகிய எல்லாருக்கும் இந்தப் பாடு தெரியும். இதோடு லோடு கூடும், குறையும், ஒரு டயரில் காற்று இறங்கும், மழை பெய்து தரை வழுக்கும். எது வந்தாலும் ரொம்ப விலகிவிடாமல் தாக்குப்பிடிப்பது ஒரு குணம். அதற்கு ரோபஸ்ட் என்று பெயர். தினமும் இந்தப் பக்கமாகவே இழுக்கிறதே என்று கவனித்து, அதற்குத் தகுந்தபடி தன்னை மாற்றிக்கொள்வது இன்னொரு குணம்; அதற்கு அடாப்டிவ் என்று பெயர். நல்ல வண்டிக்கு இரண்டும் வேண்டும். இதை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் அம்மா ரோஷன் பேகம், இந்த வீட்டில் இரண்டு குணமும் எனக்கு ஒருத்திக்குத்தான் இருக்கிறது, உன் அத்தாவுக்கு ஒன்றுகூடக் கிடையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அத்தா என்றால் என் தகப்பனார் மீரான் மைதீன். விருதுநகரில் வீடு. சாத்தூரிலிருந்து இருக்கன்குடி போகிற ரோட்டோரம் எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனி. அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் சிவகாசிக்கும் பெட்டியும் காலிக் காகிதக் குழாயும் இங்கிருந்துதான் போகும். வெடிமருந்து வாசமே அடிக்காத இடம். எல்லாம் வெறும் காகிதம், பசை, நூல். அதனால்தான் ரியாஸ் தன் வண்டியை இங்கே ஓட்டிப் பார்க்க முடிந்தது. பட்டாசுக் கம்பெனி வாசலுக்குள் பேட்டரியும் மோட்டாருமாக ஒன்றைத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் வண்டியை அல்ல, அவரைத்தான் முதலில் வெளியே தள்ளியிருப்பார்கள்.

2008-ஆம் வருஷத்து ஆடி மாதம்தான் அவருக்குக் கிடைத்த கடைசித் தவணை. இரண்டு முறை நீட்டித்தாயிற்று, இனி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மதுரையிலிருந்து அவருடைய பேராசிரியர் வந்து, வண்டி உண்மையான இடத்தில் உண்மையான லோடோடு ஒரு முழுச் சுற்று வருவதைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் பட்டம். பட்டம் வந்தால் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் வேலை காத்திருந்தது. வேலை என்றால் நாங்கள் இருவரும் விருதுநகரை விட்டுக் கிளம்ப வேண்டும். நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. கல்யாணம் ஆகியும் எதிர்ச்சாரியில் நாலு வீடு தள்ளித்தான் குடியிருந்தேன். காலையில் அத்தா இருமினால் எனக்குக் கேட்கும். வண்டி நேராகப் போனால் மகள் போய்விடுவாள் என்பது அத்தாவுக்கு ரியாஸைவிட நன்றாகப் புரிந்திருந்தது.

இருந்தும் வண்டிக்கு இடம் கொடுத்தவர் அவர்தான். கொட்டகை வாசலிலிருந்து கிளம்பி, குழாய் காயப்போடும் களத்தை ஒட்டிப் போய், தண்ணீர்த் தொட்டியில் திரும்பி, கேட் வரை போய், மறுபடி கொட்டகைக்கே வருகிற மாதிரி மஞ்சள் கோடு போட ஆளும் பெயின்டும் கொடுத்தார். பழைய லோடு வண்டி ஒன்றின் அடிச்சட்டத்தையும் மேல்பலகையையும் கொடுத்தார். கடைசியாக, யாரும் கேட்காமலே, தன்னையும் கொடுத்தார்.

அது எங்கள் பக்கத்துப் பழக்கம். காய்கிற எதையும், ஓடுகிற எதையும் ஆளில்லாமல் விடமாட்டார்கள். பட்டாசுக் கம்பெனியில் அதற்குக் காரணம் உண்டு. மருந்து உருண்டை வெயிலில் கிடந்தால் பக்கத்தில் கண்ணை எடுக்காமல் ஒருவர் இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் மெல்ல ஊர் முழுக்கப் பரவி, எங்கள் காலிக் காகிதக் குழாய்க்கும் ஒரு காவல், காயப்போட்ட பனியனுக்கும் ஒரு காவல் என்று ஆகிவிட்டது. அத்தா வண்டியைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“டிரைவர் இல்லாம ஓடட்டும் மாப்பிள்ளை, நான் குறுக்க நிக்கல. ஆனா ஆளில்லாம எப்படி ஓடும்? ஒருத்தர் கூடவே இருக்கணும்ல?”

ஓட்டுநர் இல்லாமல் என்றால் ஆளில்லாமல் என்றுதான் அர்த்தம் என்று ரியாஸ் சொல்லியிருக்கலாம். மாமனாரிடம் அப்படி யார் சொல்வார்கள்? அது தை மாதம். மறுநாளிலிருந்து வண்டிக்கு அத்தா காவல். ஏறுவதற்கு முன் சட்டைப் பையைத் தடவித் தீப்பெட்டி இல்லை என்று உறுதி செய்துகொள்வார். காகிதக் கம்பெனியில் அது சரிதான்; ஆனால் அவர் பீடி குடித்ததே இல்லை.

அவருக்கு இடது முட்டி மடங்காது. அதனால் பலகையின் வலது ஓரத்தில் உட்கார்ந்து, இடது காலைக் குறுக்கே நீட்டிக்கொள்வார். நல்ல கனமான மனுஷர். வலது பக்கத்து டயர் இரண்டும் நசுங்கி, வண்டி வலது பக்கமாக இழுக்கும். வண்டி இதைக் கவனித்தது. இந்த உலகத்தில் வலது பக்கம் எப்போதும் கனமாகத்தான் இருக்கும் போல என்று முடிவு செய்து, எப்போதும் கொஞ்சம் இடது பக்கம் திருப்பியே வைத்துக்கொள்ளப் பழகியது. அத்தா ஏறி உட்கார்ந்தால் கோட்டின்மேல் நூல் பிடித்த மாதிரி போயிற்று. ரியாஸ் பூரித்துப்போனார். ஒரே ஒரு குறைதான் அத்தாவுக்கு.

“குலுங்குது மாப்பிள்ளை. வெடுக்கு வெடுக்குன்னு திருப்புது. முட்டில சுருக்குன்னு இருக்கு.”

மாமனார் முட்டிக்காக ரியாஸ் அந்த வெடுக்கைக் குறைத்தார். கோட்டை விட்டு விலகினால் உடனே திருப்புகிற வேகம் பாதியாயிற்று. மீதியை வண்டி தானாகப் பழகிப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார். சவாரி மெத்தை மாதிரி இருந்தது. ஆடி மாதம் பிறந்து, இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடக்கிற கூட்டம் ரோட்டில் வர ஆரம்பித்தது. மஞ்சள் சேலையும் தீச்சட்டியுமாகப் போகிறவர்கள், வேலிக்கு உள்ளே வெள்ளைத் தாடி வைத்த ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, மாடும் இல்லாமல் ஆளும் இல்லாமல் ஒரு பலகை நகர்ந்து போவதைப் பார்த்து நின்றார்கள். சிலர் கும்பிட்டார்கள். அத்தா மறுக்காமல் கையை உயர்த்திப் பதில் மரியாதை செய்தார். எங்கள் கம்பெனியில் பெண்களுக்கு மேஸ்திரியான மாரித்தாய், முதலாளி இன்னும் ஒரு மாசம் இப்படியே சுற்றினால் உண்டியல் வைத்துவிடலாம் என்றாள்.

பேராசிரியர் வருகிற நாள் காலையில் அத்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். புது வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசம். மாப்பிள்ளைக் கோலம் உங்களுக்கா ரியாஸுக்கா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. ரியாஸ் வாசலில் டயருக்குக் காற்றுப் பார்க்கும் பம்பைத் துடைத்துக்கொண்டிருந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு துஆ கேட்டேன் பர்ஹத்து. மாப்பிள்ளை பாஸாகணும்னுதான் கேட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா கொஞ்சம் மெதுவாத்தான் கேட்டேன்” என்றார்.

வாயாடி என்று பெயர் வாங்கிய நான், டீ தரட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

பேராசிரியர் ஞானசுந்தரி குடையும் கேன்வாஸ் ஷூவுமாக வந்து இறங்கினார். கம்பெனியைச் சுற்றிப் பார்த்தார். கோட்டின் மேலேயே ஒருமுறை முழுக்க நடந்தார். அன்று காலையில் கரண்ட் போய்விட்டிருந்தது. அந்த வருஷம் கரண்ட் வந்தால்தான் சேதி. பேட்டரி பாதிக்குத்தான் ஏறியிருந்தது. மூன்று நாலு சுற்றுக்குத் தாங்கும், அதற்குமேல் என் கையில் இல்லை என்று ரியாஸ் ஒப்புக்கொண்டார். மூன்று நாலு எதற்கு, ஒரு சுற்று போதுமே என்று பேராசிரியர் சொல்லிவிட்டு, பலகை நிறைய அட்டைப்பெட்டி அடுக்கச் சொன்னார். மாரித்தாய் இரண்டு பக்கமும் சமமாக அடுக்கினாள். வலது ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் உட்கார இடம் விட்டிருந்தாள்.

அத்தா பையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறப்போனார். பேராசிரியர் குடையை நீட்டி மறித்தார்.

“ஐயா, நீங்க ஏறக்கூடாது. ஓட்டுநர் இல்லாத வண்டின்னு தலைப்பு வச்சிருக்கோம்.”

“நான் எங்கனம்மா ஓட்டுறேன்? சும்மா உக்காந்திருக்கேன்.”

“அந்த இடத்துலயும் பெட்டி வைக்கச் சொல்லுங்க.”

அத்தா புதுச் சட்டையோடு ஒதுங்கி நின்றார். கல்யாணப் பந்தியில் இலை போட்ட பிறகு எழுப்பிவிட்டது போல இருந்தது அவர் முகம். அவர் இடத்தில் நாலு பெட்டிகள் உட்கார்ந்தன. நாலும் காலிப் பெட்டி.

ரியாஸ் பொத்தானை அமுக்கினார். வண்டி கிளம்பியது. கொட்டகை வாசலைத் தாண்டியதும் இடது பக்கம் நகர ஆரம்பித்தது. கொஞ்சம்தானே, திரும்பிவிடும் என்று நினைத்தோம். திரும்பாமல் இல்லை, ஆனால் முட்டி வலிக்காரரை ஏற்றிய மாதிரி அவ்வளவு பதமாகத் திரும்பியது. அது திரும்பி முடிப்பதற்குள் கோடு கேமராவை விட்டே போய்விட்டது. மாரித்தாயின் ஆட்கள் விடிகாலையில் பரப்பிய காகிதக் குழாய்களுக்குள் வண்டி ஊர்ந்து போய், ஒரு வரிசையை நசுக்கிவிட்டு, கோட்டைக் காணோம் என்று நின்றது. கோடு தெரியாவிட்டால் நின்றுவிட வேண்டும் என்பது அதற்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அதை மட்டும் அது மறக்கவில்லை.

ரியாஸ் கேமராவைத் துடைத்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். வெயில் பட்டுக் கோடு மின்னுகிறது என்றார், பேட்டரியில் வோல்டேஜ் இறங்கிவிட்டது என்றார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. நசுங்கிய குழாய்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த மாரித்தாய் நிமிராமலே சொன்னாள்.

“முதலாளி இல்லைல்ல, அதான் வண்டி தேடுது.”

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரிப்புக்குத்தான் சொன்னாள். ஆனால் ரியாஸ் கையிலிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டார். அத்தாவைப் பார்த்தார், வலது பக்கத்து டயர்களைப் பார்த்தார், மறுபடி அத்தாவைப் பார்த்தார். ஆறு மாதமாகத் தன் வண்டி கோட்டைப் பழகவில்லை, மாமனாரைப் பழகியிருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். முட்டி வலியைக்கூட விடவில்லை. இப்போது லேப்டாப்பைத் திறந்து வண்டி பழகியதையெல்லாம் அழித்துவிடுகிறேன், இரண்டு நிமிஷம் போதும் என்றார்.

ஞானசுந்தரி லேப்டாப்பின் மூடியைக் கையால் அழுத்தி மூடினார்.

“லோடு மாறினா வண்டி தானாவே மாறிக்கிடும்னு எழுதியிருக்கீங்க ரியாஸ். நான் அதைப் பார்க்கத்தான் வந்திருக்கேன். நீங்க கை வச்சா அது உங்க கெட்டிக்காரத்தனம். வண்டியோடது இல்ல.”

அழிக்கக் கூடாது, வெடுக்கைக் கூட்டக் கூடாது. கோட்டின்மேல் தூக்கி வைத்து விடலாம், அவ்வளவுதான். ஓடிக்கொண்டே அது புதுப் பாரத்தைப் பழகிக்கொள்ள வேண்டும், அதுவும் பேட்டரி தீர்வதற்குள். சாத்தியமா என்று நான் ரியாஸிடம் கேட்டேன். கணக்குப்படி சாத்தியம் என்றார். கணக்குப்படி என்று அவர் சொன்னால் எனக்குப் பயம் வந்துவிடும். எங்கள் கல்யாணத்துக்குக் கணக்குப்படி வந்த ரயில் கோவில்பட்டியில் நின்றுவிட்டது.

இரண்டாவது முறை வண்டி கிளம்பியபோது அத்தா அதன் வலது பக்கமாகவே கூட நடந்தார். காவல் இல்லாமல் விட மனசு வரவில்லை. வண்டி வாசலைத் தாண்டியது, நகரவில்லை. களத்தைத் தாண்டியது, நகரவில்லை. பெண்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்கள். ரியாஸின் முகத்தில் சிரிப்பு வரப்பார்த்தது. எனக்கு மட்டும் அத்தாவின் இடது கை எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. பலகையின் ஓரத்தில் இருந்தது. பேருந்தில் நிற்கிறவர் கம்பியைப் பிடிக்கிற மாதிரி பழக்கதோஷத்தில் பிடித்திருந்தார்; ஆனால் வலிக்கிற காலுக்கு ஆதரவாக உடம்பின் பாரத்தையெல்லாம் அதில்தான் இறக்கியிருந்தார். வண்டிக்குத் தன் பழைய ஆள் கிடைத்துவிட்டது.

சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்தேன். அந்தக் கை அப்படியே இருந்தால் ஒரு சுற்று முடிந்துவிடும். பட்டம், கோயம்புத்தூர், எல்லாம் கைகூடிவிடும். ஆனால் பேராசிரியர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

“ஐயா, கையை எடுங்க.”

அவர் அதட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அத்தா தன் கையைப் பார்த்தார். அது அங்கே இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது போல. பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது. எடுத்துரட்டுமா என்று என்னைத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. கழுத்து வலித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அத்தா கையை எடுத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பின்னால் நின்ற எனக்கு நன்றாகத் தெரிந்தது: வலது கை இடது கையை மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்திருந்தது.

வண்டி உடனே இடது பக்கம் சாய்ந்துகொண்டு போனது. தொட்டி வளைவு வந்துகொண்டிருந்தது. மஞ்சள் கோடு பலகைக்கு வெளியே தெரிய ஆரம்பித்தது. ரியாஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஆறு வருஷம் உழைத்தவர், பார்க்க வேண்டிய நேரத்தில் கண்ணை மூடினார். வண்டி தொட்டியை உரசுகிற தூரத்துக்குப் போய், தயங்கி, மனசில்லாமல் கொஞ்சம் வலது பக்கம் வந்தது. மறுபடி இடது. மறுபடி, முன்னைவிடச் சீக்கிரமாக, வலது. கேட்டுக்குப் போவதற்குள் அந்த ஆட்டம் குறைந்து, கோடு பலகைக்கு அடியில் வந்துவிட்டது. அங்கிருந்து கொட்டகை வரை ஒழுங்காக வந்து நின்றது. நான் கைதட்டினேன். பேராசிரியர் தட்டவில்லை. பாதிச் சுற்றுக்கு ஐயாவின் கை இருந்தது, அது கணக்கில் சேராது, இன்னொரு முறை முழுச் சுற்று வரட்டும் என்றார். பேட்டரியின் சிவப்பு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்திருந்தது.

மூன்றாவது முறை அத்தா கூட நடக்கவில்லை. கொட்டகை நிழலில் ஒரு பெட்டிக் கட்டின்மேல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டார். ஆளில்லாமல் ஒரு பொருள் எங்கள் கம்பெனிக்குள் ஓடியது அதுதான் முதல் தடவை. வண்டி வாசலைத் தாண்டியது. களத்தின் ஓரத்தில் ஒரு கையளவு இடது பக்கம் விலகி, தானாகத் திரும்பிவந்தது. தொட்டியைச் சுற்றியது. கேட்டில் வேலிக்கு வெளியே நின்ற இருக்கன்குடிக் கூட்டம், பெரியவர் இல்லாத வெறும் பெட்டிகளைப் பார்த்து ஏமாந்துபோய்க் கிளம்பியது. வண்டி கொட்டகைக்கு வந்து அத்தாவின் நீட்டிய காலுக்குச் சற்று முன்னால் நின்றது. ஞானசுந்தரி அங்கேயே ஒரு அட்டைப்பெட்டியை மேசையாக வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

ரியாஸ் அழுதார். சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, வேர்வை என்று என்னிடம் சொன்னார். எனக்கு அவர்மேல் அன்று இருந்த பெருமையை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை; சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் கொடுப்பார். பேராசிரியரைச் சாப்பிட வைக்க அம்மா காரியரோடு வந்து காத்திருந்தார். எல்லாரும் அந்தப் பக்கம் போனார்கள். அத்தா மட்டும் வண்டியோடு நின்றார். மாட்டைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி பலகையின் வலது ஓரத்தைத் தட்டினார்.

“ஆறு மாசமா தினமும் என்னையத்தான சுமந்துச்சு” என்றார். “மூணு சுத்துல மறந்துருச்சே பர்ஹத்து.”

அவர் வண்டியைச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. இல்லை அத்தா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ரியாஸ் வந்து சேர்ந்தார். எங்கே எதைச் சொல்லக் கூடாதோ அங்கே அதைச் சரியாகச் சொல்லிவிடுகிற திறமை அவருக்கு உண்டு.

“மறந்தாத்தான் மாமா அது நல்ல வண்டி” என்றார்.

நான் அவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். அவர் காலை எடுத்துக்கொண்டு மேலே பேசினார்.

“அதுக்கு நீங்க இருந்தீகளா இல்லையான்னு நினைப்பே கிடையாது மாமா. இப்ப என்ன பாரமோ அதைத்தான் பாக்கும். நீங்க மறுபடி ஏறுனா மறுபடி பளகிக்கிடும். வேணும்னா ஏறிப் பாருங்க.”

சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. பெட்டிகளை இறக்கினோம். அத்தா பையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏறினார்; வலது ஓரம், இடது கால் குறுக்கே. வண்டி கிளம்பியதும் வலது பக்கமாக இழுத்தது. அத்தா பதறி இடது பக்கம் சாய்ந்தார். அதே நேரத்தில் வண்டியும் தன்னைச் சரிசெய்துகொண்டு இடது பக்கம் திருப்பியது. இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறிப் போனதும், அத்தா வலது பக்கம் சாய, வண்டியும் வலது பக்கம் திருப்ப, களத்தின் ஓரமெல்லாம் இருவரும் ஆடிக்கொண்டே போனார்கள். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்கப் பார்த்து இரண்டு பேருமே கெட்டுக்கொண்டிருந்தார்கள். மாரித்தாய் மிச்சமிருந்த குழாய்களைக் காப்பாற்ற ஓடினாள்.

“மாமா, நீங்க சும்மா இருங்க” என்று ரியாஸ் கத்தினார். “ஒண்ணும் செய்யாம உக்காருங்க. அது பாத்துக்கிடும்.”

ஒன்றும் செய்யாமல் உட்காருவது அத்தாவுக்குப் பிறவியிலேயே வராத காரியம். பலகையைப் பிடித்திருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உதட்டைக் கடித்துக்கொண்டார். வண்டி இன்னும் இரண்டு முறை ஆடியது, அவர் அசையவில்லை. தொட்டியைச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வண்டி கோட்டின்மேல் நேராக வந்துகொண்டிருந்தது.

என்னைக் கடக்கும்போது அவர் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் வண்டி சாய்ந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கோயம்புத்தூர்ல வீடு பாத்தீகன்னா கீழ் வீடாப் பாருங்க. என்னால மாடி ஏற முடியாது.”

நான் சரி என்றேன். வாசலில் இரண்டு படி மட்டும் இருந்தால் பரவாயில்லையா மாமா என்று கேட்டுக்கொண்டே ரியாஸ் வண்டிக்குப் பின்னால் ஓடினார்.